ஜெசி காது ஓகே

கல்யாண வேன் கேட்டைத் தாண்டி வளைவில் திரும்பி, உள்ளே இருந்தவர்கள் கத்திப் பாடியது பக்கத்து ஷெட்டின் பிரஸ் மெஷின் சத்தத்தில் அமுங்கிப்போன பிறகும், ஜெசிந்தா வாசலில் நின்று கையை ஆட்டிக்கொண்டுதான் இருந்தாள். யாருக்கு ஆட்டுகிறாய் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நிறுத்திவிட்டால் அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று ஒரு குழப்பம், அவ்வளவுதான். ஸ்டோர்ஸ் லோகநாயகிக்குத் திண்டிவனத்தில் ரிசப்ஷன். அம்பத்தூர் கம்பெனி மொத்தமும் சனிக்கிழமை மத்தியானமே பட்டுச்சட்டையும் ஜிமிக்கியுமாகக் கிளம்பிவிட்டது. நீயும் வாயேன் ஜெசி, புரோகிராம்ல இருக்க பக் எங்க ஓடிப்போகப்போகுது என்று எல்லோரும் கூப்பிடத்தான் செய்தார்கள், வேன் கதவைச் சாத்திக்கொண்டே கூப்பிட்டார்கள். வைத்திலிங்கம் சார் மட்டும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, அதாவது ஜெசி, திங்கக்கிழமை காலைல பெட்டியெல்லாம் ஸ்கூல் கேம்ப்புக்குப் போகுது, அதாவது அதுக்குள்ள முடிச்சிரு, அதாவது உன்னை நம்பித்தான் என்றார். முதலாளி. கம்பெனியும் அவருடையது, அந்த அதாவதும் அவருடையது. உள்ளே வந்து கதவைச் சாத்தியதும் அதே வாக்கியத்தை அதே மூக்கால், மூன்று அதாவதையும் அந்தந்த இடத்தில் வைத்து, காலி ஹாலுக்குச் சொல்லிப் பார்த்தாள். அச்சு அசல். லோகநாயகி இருந்திருந்தால் டிஃபன் பாக்ஸோடு தரையில் உட்கார்ந்து சிரித்திருப்பாள். ஹால் சிரிக்கவில்லை. மேஜைமேல் இருந்த சேர்மனும் சிரிக்கவில்லை.

சேர்மன் என்பது ஒரு தலை. துணிக்கடையில் சேலை கட்டி நிறுத்துகிற பொம்மை, கழுத்துக்குக் கீழே எல்லாம் போய்விட்டது, யாரோ மார்க்கரால் மீசை வரைந்து, மீசைக்கும் லிப்ஸ்டிக்குக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட முகத்தோடு சோதனை மேஜையில் வருஷக்கணக்காக உட்கார்ந்திருக்கிறது. ஹெட்ஃபோனை அதன் தலையில்தான் மாட்டுவார்கள், வலது காதுக்குச் சிவப்பு, இடது காதுக்கு நீலம். இந்தக் கம்பெனி செய்வது ஆடியோமீட்டர், அதாவது, பார், அவளுக்கும் அதாவது ஒட்டிக்கொண்டுவிட்டது, காது எவ்வளவு கேட்கிறது என்று அளக்கிற பெட்டி. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் கனமான பீப்பிலிருந்து ஊசி மாதிரி பீப் வரை ஒன்றொன்றாக வரும், கேட்டால் கையிலிருக்கும் பட்டனை அழுத்த வேண்டும், கடைசியில் திரையில் வலது காதுக்குச் சிவப்பு வட்டங்களும் இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறிகளுமாகக் கோடு போடும், மேலே நின்றால் நல்ல காது, கீழே இறங்கினால் மந்தம். சேர்மன் பட்டன் அழுத்த மாட்டார் என்பதால் கடைசிச் சோதனைக்கு உயிருள்ள காது ஒன்று வேண்டும். அந்தக் காது ஜெசிந்தாவினுடையது. சேர்ந்த புதிதில் விளையாட்டாக உட்காரவைத்துப் பார்த்தார்கள், இரண்டு கோடும் மேலே ஒரே உயரத்தில், ஸ்கேல் வைத்து இழுத்தது போல. வைத்தி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அன்றிலிருந்து எந்தப் பெட்டியும் அவள் காதைக் கடக்காமல் வாசலைக் கடப்பதில்லை. சோதித்து முடித்ததும் பெட்டியின் முதுகில் சாக்பீஸால் எழுதுவார்கள், ஜெசி காது ஓகே. சம்பளத்தில் ஒன்றும் ஏறவில்லை. ஆனால் இந்த ஊரில் யாரையும் எதையும் அறியாத ஒருத்திக்கு அந்தச் சாக்பீஸ் எழுத்துதான் ரேஷன் கார்டு மாதிரி, நீ இங்கே இருக்கிறாய், உனக்கு ஓர் இடம் இருக்கிறது என்று.

வியாழக்கிழமை, சில மாசம் கழித்துத் தயாரான புதுப் பெட்டி ஒன்று அவள் வலது காது சரியில்லை என்றது. கனமான பீப்பெல்லாம் சரி, ஊசி பீப் பக்கம் போகப்போகச் சிவப்பு வட்டங்கள் படி இறங்கின. எல்லோரும் சிரித்தார்கள், அவளும்தான். என்ன சார் மெஷினுக்கே காது கேக்கல என்று யாரோ. மறுநாள் ஆரணிப் பக்கத்து கிளினிக்கிலிருந்து டாக்டர் போனில் கத்தினார், ஏற்கெனவே அனுப்பிய பெட்டி அது, இடது காது பிறவியிலேயே கேட்காத ஒரு பஸ் மெக்கானிக்குக்கு வலது காது செவிடு என்று கோடு போட்டிருக்கிறதாம், ஆள் அந்த வலது காதாலேயே கேட்டுவிட்டுச் சண்டைக்கு வந்துவிட்டானாம். ஆஹா என்றது கம்பெனி. இதான் பக், ஜெசிக்கும் இதான் ஆயிருக்கு, பெட்டி எதையோ எதுக்கோ மாத்திப் போடுது. அந்த நிமிஷம் ஜெசிந்தாவின் வயிற்றில் இறங்கிய குளிர்ச்சி இருக்கிறதே, வெயிலில் வந்து பானைத் தண்ணீர் குடித்தது போல. பக். வெறும் பக். டிரைவர் புரோகிராமில் எங்கோ ஒரு வேரியபிள் இடம் மாறியிருக்கிறது. நான் பாத்துக்கறேன் சார் என்று அவளே முந்திக்கொண்டு சொன்னாள். கல்யாணத்துக்கு எடுத்து வைத்த பச்சைச் சேலையை ஹாஸ்டல் அலமாரியில் திரும்ப மடித்து வைத்தாள். இப்போது இங்கே, மேஜையில், எதிரே சேர்மன், பக்கத்தில் ஆறிப்போன டீ, திரையில், முன்பு இங்கே வேலை பார்த்த ஹரிகேசவன் எழுதிவிட்டுப் போன புரோகிராம்.

ஹரிகேசவன் எல்லாவற்றுக்கும் சிம்பிள்பா என்பான். ஒரு கட்டை விரலால் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டே சொல்வான், ப்பாவில் உதடு ஒட்டிப் பிரியும். இப்போது ஜெர்மனியில் ஏதோ காருக்கு எழுதுகிறான். காலையில் அவனுக்கு மெசேஜ் போட்டாள், பதில் இல்லை, அங்கே விடிந்திருக்கும், விடிந்தால் மட்டும் பார்ப்பானா. அவனாக அவளே பதில் சொல்லிக்கொண்டாள், சிம்பிள்பா, படிச்சாத் தெரியும். படித்தாள். டிரைவர் என்றால் என்ன என்று அம்மா கேட்டபோது, திரை ஒரு பாஷை பேசும்மா, உள்ள இருக்க சர்க்யூட்டு ஒரு பாஷை பேசும், நடுவுல நின்னு அது சொன்னத இதுகிட்டயும் இது சொன்னத அதுகிட்டயும் அவங்க அவங்க குரல்லயே சொல்லுற ஆளு என்று சொல்லிக்கொடுத்தாள். அப்ப உன்னைப் போல ஒரு ஆளு என்றாள் அம்மா. சரியாகத்தான் சொன்னாள். நடுவில் நிற்கிற ஆள். எல்லாக் குரலும் வரும், வைத்தி சார் வருவார், லோகநாயகி வருவாள், லிஃப்ட் மூடும்போது பேசுகிற இங்கிலீஷ்காரி வருவாள், சொந்த ஊர் தூத்துக்குடியில் பங்குச் சாமியார் பிரசங்கத்தின் நடுவே தும்முவது கூட வரும், தும்மலுக்கு முந்தின அந்தச் சின்ன இடைவெளியோடு. ஹாஸ்டல் வார்டன் குரலில் லைட்டை அணைங்கடி என்று மாடிப்படியில் நின்று கத்தி மூன்று ரூமை இருட்டாக்கியிருக்கிறாள். எல்லோரும் சிரித்து முடித்த பிறகு ஒரு சின்ன நேரம் வரும், அவளே ஏதாவது பேச வேண்டிய நேரம், அப்போது பார்த்தால் வாய்க்குள் யாரும் இருக்க மாட்டார்கள். அதனால் அடுத்த குரலுக்குத் தாவிவிடுவாள். கடையை மூடாமல் வைத்திருப்பது போல.

வரி வரியாக இறங்கினாள். கையால் பட்டனைத் தட்டி ஒலியை அனுப்பினால் சரியான காதுக்குப் போகிறது, காலையிலேயே பார்த்தாயிற்று. பெட்டியைத் தானாக ஓடவிட்டால் மட்டும் மாறுகிறது. அப்படியானால் தானாக ஓடும் பகுதியில்தான். அப்படியானால் மாறுகிறது என்பது நிச்சயம். வலது இடதாக, இடது வலதாக. மாறுகிறது. மாற்றி வைக்கிறது. இங்கேதான் மனசு ஒரு ஆணியில் துணி மாட்டியது போல நின்றது, அவள் மெதுவாக எடுத்துவிட்டாள், கிழியாமல். டீயைக் குடித்தாள், மேலே ஆடை. மாற்றி வைக்கிறது என்றால், இரண்டு தட்டில் சோறு இருக்கிறது, தட்டை இடம் மாற்றி வைத்தால், வேண்டாம். வரியைப் பார். இந்த வரி என்ன செய்கிறது, ஒலியின் அளவைக் குறைக்கிறது, சரி. அடுத்த வரி காத்திருக்கிறது, சரி. ஏ.சி ஊய்யென்று இரைகிறது, இந்த ஏ.சி கொஞ்ச நாளாகவே இப்படித்தான், ஊய்யென்று, ஹாஸ்டல் ஃபேனும் அப்படித்தான், எல்லாம் ஒரே நேரத்தில் கெட்டுப்போகிறது. அம்மாவின் போனும்தான். அம்மா குரலில் என்னவோ போய்விட்டது இப்போதெல்லாம். முன்பு அம்மா பேசினால் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு ஓரம் இருக்கும், மடித்துத் தேய்த்த துணி மாதிரி, இப்போது எல்லாம் நனைந்து ஒட்டிக்கொண்டு வருகிறது. வயசாகிறது என்று நினைத்துக்கொண்டாள். பல் ஏதாவது விழுந்திருக்குமோ, சொல்லாமல் மறைக்கிறாளோ. சனிக்கிழமை அம்மாவுக்குத் தையல் யூனிட்டில் அரை நாள் வேலை, வீட்டுக்கு வந்ததும் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு மீன் உரசுவாள், பேச்சுக்கு நடுவே செதில் பறக்கிற சத்தம் சரக் சரக்கென்று கேட்கும், ஏட்டி கேக்குதியா சரக், உங்க சித்தி வந்திருந்தா சரக். அந்தச் சரக் சத்தத்தையும் காணோம் கொஞ்ச நாளாக. வெட்டிச் சுத்தம் பண்ணிய மீனை வாங்க ஆரம்பித்துவிட்டாள் போல, கை வலி இருக்கும், அதையும் மறைக்கிறாள். போன மாசம் அம்மா மாதிரி பேசிக் காட்டினாள் லோகநாயகிக்கு. லோகநாயகி சிரித்துவிட்டு, உங்கம்மாவுக்குச் சளியா என்றாள். அன்றைக்குப் பூராவும் அது குத்திக்கொண்டிருந்தது. யாரை விட்டாலும் அம்மா குரலில் பிசகுவாளா அவள்.

இன்டர்காமை எடுத்தாள். தனியாக இருந்தால் கை அங்கேதான் போகும். மூக்கைக் கொஞ்சம் அடைத்துக்கொண்டு, பலராமா, அதாவது மோட்டார் போட்டியா இல்லையா, அதாவது டேங்க்கு காஞ்சு கெடக்கு என்றாள். வாட்ச்மேன் பலராமன் அண்ணன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்த சத்தமும் இதோ சார் இதோ சார் என்ற சத்தமும் போனிலும் ஜன்னலிலும் சேர்ந்து வந்தன. மோட்டார் ஓடியது. அவள் மேஜையில் கவிழ்ந்து சிரித்தாள், தோள் குலுங்க, சேர்மனைப் பார்த்துச் சிரித்தாள், பிறகு சிரிப்பு மெல்ல வடிந்தது, மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் பலராமன் அண்ணன் வாசலில் தலையை நீட்டினார். இன்னாம்மா ஜெசி, சாரு வேன்ல தானே போனாரு, திண்டிவனத்துலேர்ந்து இண்டர்காம்ல எப்டிம்மா பேசுவாரு. போன் புதுசு அண்ணே, எங்கேர்ந்தும் பேசலாம் என்றாள். அவர் அவளையும் சேர்மனையும் மாறி மாறிப் பார்த்தார். டேங்க்கு ரொம்பி கொட்டுதும்மா, தெருவெல்லாம் ஆறு. உன் வேலைதான, மூஞ்சே சொல்லுது. சாப்ட்டியா இல்லியா? நாலு முறை கூப்ட்டேன் அந்தாண்டலேர்ந்து, திரும்பக்கூட இல்ல நீ, அம்மாந்தூரம் கம்பூட்டர்ல பூந்துகினு. எந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டீங்க என்று கேட்டாள். அவர் கையைக் காட்டினார். அவளுடைய இடப்பக்க ஜன்னல். ஓ, பிரஸ் மெஷின் சத்தம் அண்ணே என்றாள். அத்த அப்பவே நிறுத்திட்டானுங்களே என்றார் பலராமன். நிறுத்திவிட்டார்களா. அவர் வடையை ஒரு பேப்பரோடு மேஜையில் வைத்துவிட்டு, சேர்மன் மீசையைக் கட்டை விரலால் நீவிவிட்டு, துன்னும்மா என்று போனார்.

இடப்பக்கம். இருக்கட்டும், பெட்டி சொன்னது வலது காது, இதுவோ இடப்பக்கம், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை, பார்த்தாயா, அதனால் பெட்டி சொன்னது பொய். இந்தக் கணக்கு அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது. வடையைக் கடித்துக்கொண்டே அதையே இரண்டு மூன்று தடவை ஓட்டிப் பார்த்தாள். பெட்டி வலது என்கிறது. ஆனால் பெட்டி மாற்றித்தான் சொல்கிறது. அப்படியானால். அப்படியானால் வடையில் உப்பு அதிகம். அவள் திரையைப் பார்த்தாள், தன்னைப் பார்க்காமல் இருக்க வேறு எதையாவது கெட்டியாகப் பார்க்க வேண்டியிருந்தது, அதனாலேயோ என்னவோ கண்ணில் பட்டது. இரண்டு வேரியபிள். ஒன்றுக்குக் காது என்று பெயர், ஒலி எந்தக் காதுக்குப் போக வேண்டும் என்று சொல்வது. மற்றதற்குப் பக்கம் என்று பெயர், கோடு திரையின் எந்தப் பக்கம் விழ வேண்டும் என்று சொல்வது. டாக்டர் நோயாளிக்கு நேர் எதிரே உட்கார்வார், நோயாளியின் வலது காது டாக்டருக்கு இடப்பக்கம் தெரியும், அதனால் திரையில் வலது காதின் கோடு இடப்பக்கம் விழும், ஆகவே இந்த இரண்டு வேரியபிளும் எப்போதும் ஒன்றுக்கொன்று எதிர். தானாக ஓடும் பகுதியில், ஒலியை அனுப்புகிற அந்த ஒரே வரியில், காது என்று இருக்க வேண்டிய இடத்தில் பக்கம் என்று இருந்தது. அவ்வளவுதான். இரண்டுமே உள்ளுக்குள் வெறும் பூஜ்யமோ ஒன்றோ, எதை எங்கே வைத்தாலும் கம்ப்யூட்டர் வாயைத் திறக்காது. ஹரிகேசவன் இதை எழுதியது எப்படி என்று அவளுக்குக் கண்ணெதிரே தெரிந்தது, கண்ணெதிரே என்றால் நிஜமாகவே, இதே நாற்காலி, எதிரே அவனைப் பார்த்தபடி சேர்மன், சேர்மனின் வலது காதைத் தன் இடது கையால் தொட்டுக்கொண்டு கட்டை விரலால் கண்ணாடியை ஏற்றி, சிம்பிள்பா.

ஆனால் இத்தனை மாசம் எப்படி யாருக்கும் தெரியவில்லை. அவள் நாற்காலியில் சாய்ந்தாள். எல்லாப் பெட்டியும் கடைசியில் அவள் தலையில் தானாக ஓடித்தானே வெளியே போனது. ஓடியது. வலது காதுக்குப் போக வேண்டியது இடது காதுக்குப் போனது, அங்கேயும் அதே அருமையான கோடு. இடதுக்குப் போக வேண்டியது வலதுக்குப் போனது, அங்கேயும் அதே கோடு. இரண்டு காதும் ஸ்கேல் வைத்த மாதிரி இருக்கிறவளை உட்காரவைத்தால் மாறியது எவனுக்குத் தெரியும். அவள் காது நன்றாக இருந்ததுதான் தப்பு. சாதாரண மனுஷர் யாராவது, ஒரு பக்கம் கொஞ்சம் மந்தமான பலராமன் அண்ணன் மாதிரி ஒருத்தர், முதல் நாளே கண்டுபிடித்திருப்பார்கள். இவ்வளவு நாள் ஒளிந்திருந்த பக் வியாழக்கிழமை ஏன் வெளியே வந்தது, அவள் காது இரண்டும் ஒன்றாக இல்லாததால் வந்தது. துணி கிழிந்தது. மாற்றி வைக்கத்தான் தெரியும் அந்த வரிக்கு. இந்தத் தட்டை அங்கே, அந்தத் தட்டை இங்கே. சோற்றைக் குறைக்க அதற்குத் தெரியாது. இது அவளுக்கு வெள்ளிக்கிழமையே தெரியும், ஆரணி டாக்டர் கத்திக்கொண்டிருந்தபோதே, வயிற்றில் குளிர்ச்சி இறங்கிக்கொண்டிருந்தபோதே அதற்கு அடியில் இதுவும் இறங்கிக்கொண்டிருந்தது. அவள்தான் பக் என்ற சொல்லை அதன் மேல் ஒரு பாயைப் போல விரித்து உட்கார்ந்துகொண்டாள். பக்கத்தை அழித்துக் காது என்று அடித்தாள். விரல் வேலை செய்துவிட்டது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாக வந்து உட்காரும் திங்கட்கிழமைக்கு இனி ஒன்றும் ஆகாது. திருத்திய புரோகிராமைப் பெட்டிக்குள் இறக்கிவிட்டுச் சிவப்பு ஹெட்ஃபோனை மட்டும் கையால் காதருகே பிடித்துப் பார்த்தாள், வலது என்றால் வலதில் வந்தது. சரி. முடிந்தது. இத்தோடு எழுந்து ஹாஸ்டலுக்குப் போய்விடலாம். முழுச் சோதனை செய்யாமல் பெட்டி வெளியே போகாது என்பது கம்பெனி வழக்கம், அந்த வழக்கத்தின் பெயர் ஜெசிந்தா, ஜெசிந்தாவே வழக்கத்தை மீறினால் கேட்பதற்கு யார் இருக்கிறார்கள் இங்கே, சேர்மனா.

அதாவது ஜெசி, என்றார் சேர்மன், அதாவது அவர் சார்பில் அவள். உன்னை நம்பித்தான். எழுந்தாள். பெட்டி பேட்டரியில் ஓடும், அதனால் மற்ற எல்லாவற்றையும் அணைத்தாள், ஃபேன், மேஜை விளக்கு, கம்ப்யூட்டர், யூ.பி.எஸ், கடைசியில் ஏ.சி. ஏ.சி தடக்கென்று நின்றது. ஊய் நிற்கவில்லை. அவள் ஏ.சியைப் பார்த்தாள். அதன் பச்சை விளக்கு அணைந்திருந்தது. பக்கத்து ஷெட் அமைதி. மோட்டாரும் நின்றாயிற்று. இடது காதில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள், ஊய் குறையவில்லை, கையை எடுத்தாள், கூடவில்லை, அது வெளியே எங்கும் இல்லை. பாவம் அந்த ஏ.சியை எத்தனை நாள் திட்டியிருக்கிறாள், மெக்கானிக்கை வேறு வரவழைத்து, அவன் ஒன்னுமே இல்லியே மேடம் என்று தலையைச் சொறிந்துகொண்டு போனான். ஃப்ரிட்ஜ் மாதிரி கனத்த கதவு போட்ட சவுண்டு ரூமுக்குள் பெட்டியின் பட்டனோடு போய் உட்கார்ந்தாள். கதவு சாத்திக்கொண்டதும் உலகம் அவளையும் ஊய்யையும் மட்டும் விட்டுவிட்டு வெளியே நின்றது. சிவப்பு வலப்பக்கம், நீலம் இடப்பக்கம், மாட்டினாள். வலது காது முதலில். கனமானது, அழுத்தினாள். அதைவிட மெலிந்தது, அழுத்தினாள். தகரக் கூரையில் ஒரு மழைத் துளி போல, கொலுசின் ஒரே ஒரு மணி போல, கடைசி ஊசி, நூலின் நுனி, கேட்டதா நினைத்ததா என்று தெரியாத அளவுக்கு, ஆனால் கேட்டது, அழுத்தினாள், அழுத்தினாள். எவ்வளவு நல்ல காது. இடது காதுக்கு மாறியது. கனமானது வந்தது, நடுவிலிருப்பது வந்தது, கொஞ்சம் யோசித்து அடுத்தது வந்தது. அப்புறம் ஒன்றும் வரவில்லை. காத்திருந்தாள். கட்டை விரல் பட்டனின் மேல் தயாராக, ஓட்டப் பந்தயத்தில் விசில் ஊதாமல் நிற்கவைத்த பிள்ளை மாதிரி. ஊய் மட்டும். பெட்டி நின்றுபோயிருக்கும், பேட்டரி தீர்ந்திருக்கும், இந்தப் புது புரோகிராமில் வேறொரு பக் இருக்கும், இருக்கக் கூடாதா, ஹரிகேசவா, இவ்வளவு எழுதினாயே, இன்னும் ஒரே ஒரு தப்பு விட்டுவைத்திருக்கக் கூடாதா. கண்ணாடி வழியாகப் பார்த்தாள். பெட்டியில் சின்ன விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது, ஒவ்வொரு மினுங்கலுக்கும் ஒரு பீப் அவள் காதுக்குள் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மினுங்கியது. மினுங்கியது. யாரோ தெருவில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்க, வீட்டுக்குள் ஒருத்தி விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

வெளியே வந்து பெட்டியின் திரையைப் பார்த்தாள். சிவப்பு வட்டங்கள் மேலே வரிசையாக, பழையபடி. நீலப் பெருக்கல்கள் பாதிவரை அதே உயரத்தில் போய் அப்புறம் படி இறங்கியிருந்தன. பெட்டி மிகச் சரியாக வேலை செய்கிறது. சாக்பீஸை எடுத்துப் பெட்டியைத் திருப்பினாள். ஜெசி காது என்று எழுதிவிட்டு நின்றாள். வைத்தி சார் குரலில் மிச்சத்தைச் சொல்ல வாயைத் திறந்தாள், அவர் வரவில்லை. லோகநாயகி வரவில்லை, திண்டிவனத்தில் மாலை போட்டுக்கொண்டிருப்பாள். திங்கட்கிழமை இவர்களிடம் எந்தக் குரலில் சொல்வது. சார், அடுத்த பெட்டிக்கு வேற காது பாத்துக்கோங்க என்று சிம்பிள்பா மாதிரியா, வார்டன் மாதிரியா. டாக்டரிடம் போகலாம், போக வேண்டும், மருந்து இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், இந்தத் தொழிலில் இருந்துகொண்டு எது எவ்வளவு திரும்பி வரும் என்று தெரியாதவளா அவள். சேர்மன் இரண்டு பிளாஸ்டிக் காதையும் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். போன் அடித்தது. அம்மா. சனிக்கிழமை, அரை நாள், வீட்டுக்கு வந்துவிட்டாள். எடுத்து வழக்கம்போல இடது காதுக்குக் கொண்டுபோனாள், வலது கை எப்போதும் மவுஸில் இருக்கும், அதனால் போன் எப்போதும் இடதுக்குத்தான், கை பாதியில் நின்றது. மாற்றி வலது காதில் வைத்தாள்.

சரக் என்றது. சரக், சரக். செதில் பறந்துகொண்டிருந்தது. அம்மா மீனை உரசிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள், இத்தனை நாளும், ஒரு சனிக்கிழமை விடாமல். ஏட்டி, எடுத்துட்டு ஏன் பேசாம இருக்க, கேக்குதியா என்றாள் அம்மா, ஒவ்வொரு சொல்லுக்கும் ஓரம் இருந்தது, மடித்துத் தேய்த்த துணி, பல் ஒன்றும் விழவில்லை, சளி இல்லை, வயசு கூட ஆகவில்லை. அம்மாவின் போனை எடுத்தால் யார் மாதிரியாவது பேசுவதுதான் வழக்கம், லோன் வேணுமா மேடம் என்றோ, பங்குச் சாமியார் தும்மலோடோ, அம்மா யார் என்று கண்டுபிடிக்க வேண்டும், கண்டுபிடித்த பிறகுதான் பேச்சு. இன்று யாரும் கைவசம் இல்லை. கேக்குது, நல்லாக் கேக்குது என்றாள் ஜெசிந்தா. சொன்ன குரலை அவளே அவ்வளவாகக் கேட்டதில்லை, கொஞ்சம் தாழ்ந்து, நடுவில் லேசாக மணல் இருந்தது. அந்தப் பக்கம் மீன் உரசுவது நின்றது. அம்மா யோசித்தாள். இது யாரு புதுசா, என்றாள். சித்தி மக இல்ல, உங்க ஆபீஸ்ல கல்யாணம் ஆவுதே அந்தப் பிள்ளையும் இல்ல. இரு இரு, சொல்லாத. இன்னும் கொஞ்சம் பேசு. ஜெசிந்தா, சாப்ட்டேன், வடை தின்னேன் என்றாள். நல்லாத்தான் பண்ணுத, யாருன்னுதான் பிடிபடல என்றாள் அம்மா, பிறகு தயங்கி, ரகசியம் கேட்பது போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஆனா அந்தப் பிள்ளைக்கு மேலுக்குச் சொகமில்லையோ.